மரச்சட்டக வீட்டின் விரிசலை ஏன் அடைக்கக் கூடாது: க்வெட்லின்பூர்க் வீடுகளை முன்வைத்து

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில், போடே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் க்வெட்லின்பூர்க். அங்குள்ள எந்த மரச்சட்டக வீட்டின் சுவரையும் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மரத்தின் ஓரத்திலும் ஒரு மயிரிழை இடைவெளி ஓடும். ஒரு பக்கம் ஓக் கட்டை, மறுபக்கம் சுண்ணாம்புப் பூச்சு, நடுவே அந்தக் கோடு. வீடு கட்டிய நாளிலிருந்து அது இருக்கிறது, வீடு நிற்கும்வரை இருக்கும். அதைப் பழுது என்று எண்ணி அடைக்கப் போனதால்தான் 1960களுக்குப் பிறகு இந்த வகை வீடுகள் பல உள்ளுக்குள் இற்றுப்போயின. நானூறு ஆண்டு மழையையும் பனியையும் தாங்கிய மரம், நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு மராமத்துக்குப் பிறகு இருபதே ஆண்டுகளில் கையால் கிள்ளும் பதத்துக்கு வந்துவிடுவதைத் தடுக்க முடியும். தண்ணீர் எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று புரிந்தால் போதும்.

ஃபாக்வெர்க் என்று ஜெர்மானியர் சொல்லும் இந்தக் கட்டுமானத்தில் சுமை முழுவதும் மரச்சட்டகத்தின் மேல்தான். தரையோரம் படுக்கையாக அடிச்சட்டம், அதன்மேல் தூண்கள், தூண்களின் தலையில் மேற்சட்டம், இடையிடையே குறுக்குச்சட்டங்கள், சட்டகம் சாயாமல் பிடிக்கும் சாய்கால்கள். இவற்றுக்கு நடுவே உண்டாகும் கட்டங்களை மண்ணோ செங்கல்லோ வைத்து அடைப்பார்கள். கட்டங்கள் சுமை தாங்குவதில்லை. ஒரு கட்டத்தை முழுவதும் எடுத்துவிட்டாலும் வீடு நிற்கும். அடிச்சட்டத்தில் ஒரு முழம் இற்றாலோ அதன் மேலிருக்கும் தூண் இறங்கும், தூணோடு மாடியும் இறங்கும்.

க்வெட்லின்பூர்க்கின் வோர்ட்காஸ 3 என்ற வீடு இந்த மரபின் பழைய நிலையைக் காட்டுகிறது. இன்று அது அருங்காட்சியகம். நெடுங்காலம் 1310 என்று சொல்லப்பட்டு வந்த அதன் வயதை மர வளையக் கணக்கு 1346/47 என்று திருத்தியது. அந்த வீட்டில் தூண்கள் அடியிலிருந்து கூரை வரை ஒரே மரமாக ஓடுகின்றன; மாடியின் உத்திரங்கள் தூண்களில் இடையே கோக்கப்பட்டவை. நீளமான ஓக் மரம் அருகிப்போனதும், பிற்காலத் தச்சர்கள் ஒவ்வொரு தளத்தையும் தனிப் பெட்டிபோலக் கட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். மேல்தளம் கீழ்தளத்தைவிடச் சற்று முன்னே நீட்டிக்கொண்டிருப்பதும் அந்த முறையில்தான். 16ஆம் நூற்றாண்டில் முன்முகத்தில் விசிறி வடிவச் செதுக்கு வந்தது. பிறகு சட்டங்களின் விளிம்பில் படகின் அடிப்பாகம் போன்ற குழிவு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் உத்திரத்தலைகளைப் பட்டை தீட்டிய கல்லைப்போலச் செதுக்கினார்கள். பழகிய கண் தெருவில் நடந்தபடியே ஐம்பது ஆண்டுத் துல்லியத்தில் காலம் சொல்லிவிடும். ஆண்டைத் திட்டமாகச் சொல்லவேண்டுமானால் மர வளையம்தான் வழி. ஓக் கட்டையில் பட்டையோரம் மிஞ்சியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைக்கும். அன்றைய தச்சர்கள் பச்சை மரத்தையே இழைத்து நிறுத்தியதால், வெட்டிய ஆண்டுக்கும் வீடு எழுந்த ஆண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம்தான் இடைவெளி.

18ஆம் நூற்றாண்டில் ரசனை மாறியது. கல் வீடுபோலத் தெரியவேண்டும் என்ற ஆசையும் தீ பற்றிய அச்சமும் சேர்ந்து, பல ஊர்களில் மரத்தின்மேலேயே பூச்சு ஏறியது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் மரம் மெல்லிய ஊசியிலை மரம். ஒழுங்கில்லாமல் அடித்த சட்டம். வெளியே தெரிவதற்காக அவை ஒருநாளும் செய்யப்படவில்லை. பின்னாளில் ‘மரத்தை வெளிக்கொண்டு வருகிறோம்’ என்று அந்தப் பூச்சை உரித்தது, என் கருத்தில், போர்க் குண்டுகளுக்கு அடுத்த பெரிய சேதம். பூச்சு ஒட்டுவதற்காக அந்த மரங்களில் கோடரியால் கொத்திய தழும்புகள் வரிசையாக இருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்தால் உரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பப் பூசுவதே சரி.

கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் க்வெட்லின்பூர்க்கின் பழைய நகரை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை 1960களில் இருந்தது. பணமில்லாததால் நடக்கவில்லை. 1980களில் போலந்திலிருந்து மராமத்து வல்லுநர்கள் வந்து வேலை செய்தார்கள்; ஆனாலும் பெரும்பாலான வீடுகள் கூரை ஒழுகியபடி கிடந்தன. 1994இல் தேவாலயம், கோட்டை, பழைய நகரம் மூன்றும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. புறக்கணிப்பால் ஒரு நன்மையும் விளைந்தது: மேற்கில் பரவிய சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் இங்கே அந்த அளவு ஏறவில்லை. ஊர் ஹார்ட்ஸின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதும் உதவியது. ஜெர்மனியிலேயே மழை குறைந்த பகுதிகளில் இது ஒன்று.

தண்ணீரின் கணக்கு

18 செ.மீ. அகலமுள்ள ஓக் தூணை எடுத்துக்கொள்வோம். மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அதன் அகலம் சராசரியாக 0.26 சதவீதம் மாறும். வெயில்காலத்தில் 12, குளிர்காலத்தில் 18 என்று ஈரம் ஏறி இறங்கினால், தூண் ஏறக்குறைய 2.8 மி.மீ. பருத்துச் சுருங்குகிறது. அதாவது பக்கத்துக்கு 1.4 மி.மீ. பக்கத்துக் கட்டத்தின் மண்ணோ செங்கல்லோ அந்த அளவு அசைவதில்லை. ஆகவே இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் திறந்து மூடுகிறது.

அதில் சிலிக்கான் என்ற ரப்பர்போன்ற அடைப்புப் பசையை இழுத்தால் என்ன ஆகும்? நல்ல தரமான சிலிக்கான் தாங்கும் அசைவு இடைவெளியின் அகலத்தில் 25 சதவீதம். 5 மி.மீ. கோட்டில் அது 1.25 மி.மீ. மரம் கேட்பதோ 1.4. ஓரிரு குளிர்காலத்திலேயே ஏதோ ஒரு பக்கம் ஒரு நூலளவு பிய்யும். சாய்ந்தடிக்கும் மழை அந்த நூலளவுப் பிளவில் நுண்துளை ஈர்ப்பால் உள்ளே உறிஞ்சப்படும். வெளியே வர அதற்கு வழியில்லை, ஏனென்றால் மீதி நீளம் முழுவதும் இன்னும் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. திறந்த விரிசலிலும் தண்ணீர் போகும். ஆனால் அடுத்த நாள் காற்றிலேயே அது ஆவியாகிவிடும். சிலிக்கானுக்குப் பின்னால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி மாதக்கணக்கில் நிற்கிறது. பூஞ்சைக்கு வேண்டியது அதுதான். பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை), அக்ரிலிக் பசை, நுரைநாடா எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சிமெண்ட் பூச்சும் அப்படியே. அது கடினம், அசையாது. முதல் வருடமே மரத்தோரம் பிளக்கும். உள்ளே போன தண்ணீரைச் சுண்ணாம்பைப்போல உறிஞ்சி வெளியே விடாது. மரத்தின்மேல் படலமாகப் படியும் பெயிண்டும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. மரத்தின் வெடிப்பில் பெயிண்ட் பிளக்கும், தண்ணீர் போகும், படலம் அதை உள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும் தூணில் ஒரு மெல்லிய உளியைக் குத்தினால் பிடி வரை இறங்கும்.

வேலைக்கு முன்

முதலில் வளைவு நெளிவோடு உள்ளபடியே வரைந்த அளவுப்படம் வேண்டும். 1:20 அல்லது 1:25 அளவில் ஒவ்வொரு மரத்தையும் வரைந்து, எது நல்லது, எது ஓரம் மட்டும் கெட்டது, எது முழுதும் போனது என்று வண்ணம் தீட்டிக் குறிப்பார்கள். தட்டிப் பார்ப்பது, உளியால் குத்துவது, ஈரமானி, இவை போதாத இடத்தில் துளைத்தடை அளவி. 3 மி.மீ. முனையுள்ள ஊசி மரத்துக்குள் போகும்போது சந்திக்கும் தடையைக் கோடாக வரையும். கோடு விழுந்த இடத்தில் உள்ளே பொள்ளல். தச்சர் உளியால் வெட்டிய பொருத்து அடையாளங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டகம் முழுவதையும் தரையில் கிடத்திப் பொருத்தி, எண் வெட்டி, கழற்றி, பிறகுதான் நிறுத்தினார்கள். வரிசை தப்பிய எண்ணோ, எதுவும் கோக்காத வெற்றுத் துளையோ இருந்தால் அந்த மரம் வேறு வீட்டிலிருந்து வந்தது, அல்லது பின்னாளில் மாற்றியது.

பரணில் கை வைப்பதற்கு முன் மரத்தூளை ஆய்வுக்கு அனுப்புங்கள். மேற்கில் பென்டாகுளோரோபீனாலும் லிண்டேனும் கலந்த மர மருந்தை 1980கள் வரை தாராளமாகத் தடவினார்கள். முன்னதை 1989இல் தடை செய்தார்கள். கிழக்கில் ஹைலோடாக்ஸ் என்ற மருந்தில் டிடிடியும் லிண்டேனும் இருந்தன. அந்த மரத்தின்மேல் வெண்மையான படிகம் பூத்திருக்கும். தெரியாமல் இழைத்தால் தூசு வீடு முழுக்கப் பரவும்.

மரபுச் சின்னமாகப் பதிவான வீட்டுக்குச் செலவை வருமான வரியில் கழிக்கலாம். சொந்தக் குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், 10 ஆண்டுகள். வாடகைக்கு விட்டால் முதல் 8 ஆண்டுகள் 9, அடுத்த 4 ஆண்டுகள் 7 சதவீதம். ஆனால் ஆணி ஒன்று அடிப்பதற்கு முன்பே மரபுச் சின்ன அலுவலகத்தோடு பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு போனால் இந்தச் சலுகை கிடைக்காது.

அடிச்சட்டம்

எல்லா மராமத்தும் கூரையில் தொடங்கும், அடிச்சட்டத்தில்தான் தீர்மானமாகும். அடிச்சட்டம் கெடுவதற்கு முக்கியக் காரணம் தெரு. நூற்றாண்டுகளாகத் தெருவின்மேல் தெரு போட்டு மட்டம் உயர்ந்துவிட்டது. முழங்கால் உயரக் கல் அடித்தளத்தின்மேல் இருந்த சட்டம் இப்போது நடைபாதையோடு சமமாகக் கிடக்கிறது. மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும் உயரம் சுமார் 30 செ.மீ. அதற்குள் மரம் இருந்தால் வைரம் பாய்ந்த ஓக் ஆனாலும் நாள் எண்ண வேண்டியதுதான். முடிந்தால் தெருமட்டத்தைத் தாழ்த்த வேண்டும். அது முடியாத இடத்தில் அடித்தளக் கல்லை உயர்த்தித் தூண்களின் காலைக் குறைக்க நேரும். மரபின் கண்ணோடு பார்த்தால் அது வலிக்கும் தீர்வு, ஆனால் மறுபடி அதே இடத்தில் மரத்தை வைத்து இற்றுப்போகவிடுவதைவிட மேல்.

சட்டத்தை மாற்ற முதலில் மேல் உத்திரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் சுமையை மட்டும் வாங்க வேண்டும். தூக்குவது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. வளைந்த வீட்டை நேராக்கும் ஆசைக்கு இடமே கொடுக்கக் கூடாது. நானூறு ஆண்டுகளில் ஒவ்வொரு பொருத்தும் அந்த வளைவுக்குப் பழகியிருக்கிறது. நிமிர்த்தினால் கழுந்துகள் (துளையில் கோக்கும் மரமுனைகள்) முறியும், உள்ளே இருக்கும் பழைய பூச்சு பாளம் பாளமாக விழும்.

கெட்ட பகுதியை மீட்டர் ஒன்று, ஒன்றரை எனத் துண்டு துண்டாக எடுப்பது நல்லது. இங்கே ஒரு சிக்கல் வரும். தூணின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கழுந்து, புதுச் சட்டத்தின் துளைக்குள் மேலிருந்து இறங்கவேண்டும். வீட்டை அந்த அளவு தூக்க முடியாது. ஆகவே புதுச் சட்டத்தில் துளையை உட்புறமாகத் திறந்தபடி வெட்டி, சட்டத்தைத் தூணுக்கு அடியில் பக்கவாட்டில் நகர்த்தி, பிறகு திறப்பை ஓக் துண்டால் இறுக்கமாக அடைக்கிறார்கள். திறப்பு வெளிப்புறம் இருந்தால் மழை நேராகக் கழுந்துக்குப் போகும். துளையின் அடியிலிருந்து வெளியே சாய்வாக ஒரு சிறு வடிகால் துளை போட்டுவிட்டால், உள்ளே சேரும் தண்ணீர் தேங்காது. இந்தத் துளையைச் சிலர் அழகில்லை என்று பிறகு அடைத்துவிடுகிறார்கள். தூணின் கால் முதலில் கெடுவது அப்படிப்பட்ட வீடுகளில்தான்.

சட்டம் உட்காரும் இடத்தில் ஒன்றிரண்டு செ.மீ. சுண்ணாம்புச் சாந்துப் படுகை. தார்த்தாள் விரித்து அதன் ஓரத்தை வெளியே நீட்டிவிட்டால், முகத்தில் வழியும் மழையைப் பிடித்துச் சட்டத்துக்கு அடியில் சேர்க்கும். அடித்தளக் கல்லும் மரத்தைவிட வெளியே நீட்டக் கூடாது. நீட்டியிருந்தால் சாந்தைச் சரிவாக வழித்துவிட வேண்டும். மரத்தின் வைரப்பக்கம் வெளியே பார்க்கட்டும். வெள்ளைக்கட்டை (பட்டையை ஒட்டிய வெளிர்மரம்) ஒட்டியிருந்தால் செதுக்கி எறியுங்கள், அது ஓக்காகவே இருந்தாலும் வெளியில் நிற்காது.

தூணின் கால் மட்டும் கெட்டிருந்தால் நல்ல மரம் வரை அறுத்து, அதே இன மரத்தில் ஒட்டுப்போட வேண்டும். இரண்டு துண்டும் பாதிப் பாதியாக ஒன்றன்மேல் ஒன்று படியும். படியும் நீளம் தூணின் தடிமனைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. வெளியே தெரியும் கிடைக்கோட்டை வெளிப்புறம் சரிவாக வெட்டினால் தண்ணீர் நிற்காது. 20 முதல் 24 மி.மீ. மர ஆணி, அறுக்காமல் பிளந்து செதுக்கிய காய்ந்த ஓக். இரும்புத் தகடும் போல்ட்டும் குளிரில் வியர்க்கும். ஓக்கிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பை அரித்து மரத்தைக் கருக்கும். எங்காவது உலோகம் தவிர்க்க முடியாதென்றால் துருப்பிடிக்காத எஃகு.

ஒட்டுப்போடும் மரம் காய்ந்ததாக இருப்பது மிக முக்கியம். பச்சை ஓக் 30 சதவீத ஈரத்திலிருந்து 15க்கு வரும்போது 18 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 7 மி.மீ. சுருங்கும். பழைய தூணின் காலில் பொருத்திய புதுத்துண்டு இரண்டு வருடத்தில் பொருத்தை விட்டு விலகி நிற்கும். ஓக் காய்வது தடிமனில் செ.மீ.க்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. அத்தனை தடிமனில் காய்ந்த ஓக் கடையில் கிடைப்பது அரிது. அதனால்தான் இடித்த வீடுகளின் பழைய உத்திரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

வேலையின் நடுவே சாம்பல் நிறப் பஞ்சுபோன்ற இழையும், கனசதுரமாக வெடித்த பழுப்பு மரமும் கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி நிபுணரை அழைக்க வேண்டும். வீட்டுப் பூஞ்சைகளில் மோசமானது கல் சுவருக்குள்ளும் இழை ஓட்டி அடுத்த மரத்தைத் தேடும். ஜெர்மன் தரநிலைப்படி கண்ணுக்குத் தெரியும் எல்லையிலிருந்து மரத்தில் இன்னும் 1 மீட்டர் தள்ளி வெட்டி எடுக்க வேண்டும்.

கட்டங்கள்

பழைய மண் கட்டம் உறுதியாக இருந்தால் எடுக்காதீர்கள். பல இடங்களில் மேற்பூச்சு மட்டும்தான் போயிருக்கும். புதிதாகச் செய்ய நேர்ந்தால், பிளந்த ஓக் குச்சிகளின் மேல்முனையைச் சட்டத்தின் துளையிலும் கீழ்முனையை எதிர்ச் சட்டத்தின் காடியிலும் செருகி, குறுக்கே வில்லோ அல்லது ஹேசல் மிலாறு வைத்துப் படல் பின்ன வேண்டும். வைக்கோல் கலந்து மிதித்த களிமண்ணை இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் அப்பி அழுத்தினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். வெளிமுகத்தை மரத்தின் முகத்தைவிட 2 செ.மீ. உள்ளே நிறுத்துங்கள், ஈரமாக இருக்கும்போதே முள்வாரியால் கீறிச் சாய்வான குழிகளைக் குத்திவிட்டால் சுண்ணாம்பு கவ்வும். நன்றாகக் காயப் பல வாரம் ஆகும். காயும்போது மண் மரத்தை விட்டு விலகும். உள்ளேயிருந்து மறுபடி மண்ணை அழுத்தி அடைக்க வேண்டும், பூச்சு அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு ஈரமண்மேல் பூசினால் பூச்சு பலகையாகக் கழன்று விழும்.

மண்கல் வைத்து அடைப்பதானால் தூணின் இருபக்கமும் முக்கோண ரீப்பரை அடித்து, கல்லின் ஓரத்தில் அதற்கேற்பக் காடி வெட்டிக் கோக்கிறார்கள். ஓரத்தில் இடைவெளி திறந்தாலும் கட்டம் தெருவில் விழாது, காற்றும் நேராக உள்ளே வராது. இடைவெளியை ஒட்டாமலே காற்றைத் தடுக்கும் இந்த எளிய உபாயத்துக்கு இணையான ரசாயனம் இன்னும் வரவில்லை.

பூச்சு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கன்றுக்குட்டி மயிர் கலந்து இரண்டு தடவையாக. மரத்தின் முகத்தோடு சமமாக முடியவேண்டும். தலையணைபோல வெளியே புடைத்தால் அதன் மேல்விளிம்பு மழையை மரத்துக்குள் தள்ளும். கடைசியாக, பூச்சு இன்னும் இளக்கமாக இருக்கும்போதே கரணையின் விளிம்பால் மரத்தோரம் ஒரு வெட்டு. பூச்சு எங்கே பிளக்கப்போகிறதோ அங்கே நாமே நேர்கோடாகப் பிளந்துவிடுகிறோம். இந்த வெட்டு இல்லாத பூச்சு தன் விருப்பப்படி கோணல்மாணலாக வெடித்து, ஓரத்தில் சில்லுச் சில்லாகப் பெயரும். சுண்ணாம்பு வேலை செப்டம்பரோடு முடியட்டும். 5 டிகிரிக்குக் கீழே அது இறுகாது. இறுகாத சுண்ணாம்பில் உறைபனி விழுந்தால் வசந்தத்தில் கையால் உதிரும்.

அதன்மேல் நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை, மூன்று முதல் ஐந்து தடவை. மரத்துக்குக் கறுப்பும் கட்டத்துக்கு வெள்ளையும் என்பது பெரும்பாலும் பிற்கால வழக்கம். சுரண்டிப் பார்த்தால் அடியில் செங்காவி, சாம்பல், மஞ்சள் காவி வரும். பழைய ஓவியர்கள் மரத்தின் நிறத்தைப் பூச்சின்மேல் ஓரிரண்டு செ.மீ. ஏற்றித் தீட்டி, அதை ஒட்டி ஒரு மெல்லிய கோடும் இழுத்தார்கள். கோணல் மரம் நேராகத் தெரிந்தது, இடைவெளியும் ஒரே நிறத்துக்குள் மறைந்தது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம், மூன்று மெல்லிய பூச்சு. தடித்துப் பூசினால் தோல்போல் சுருங்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

மழை நேராக அடிக்கும் மேற்குச் சுவர் என்றால் இதெல்லாம் போதாது. கோஸ்லாரிலும் பெர்கிஷெஸ் லாண்ட் பகுதியிலும் ஸ்லேட் கல்லால் போர்த்தினார்கள், கருங்காட்டில் மர ஓடுகளால். அந்தப் போர்வையை அழகுக்காகக் கழற்றக் கூடாது.

உள்ளே குளிர்காப்பு வைப்பவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். பழைய கட்டடப் பாதுகாப்புக்கான டபிள்யூ.டி.ஏ. அமைப்பின் வழிகாட்டல், வெளியே மரம் தெரியும் சுவருக்கு உட்காப்பின் வெப்பத்தடை 0.8 ச.மீ.·கெல்வின்/வாட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. மரநார் அட்டையில் அது 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் சட்டகம் குளிர்ந்துபோய், உள்ளே போன மழை காய வேண்டிய வெப்பம் கிடைக்காது. அட்டையைக் களிமண் பசையில் இடைவெளியில்லாமல் சுவரோடு ஒட்ட வேண்டும். பின்னால் காற்றறை இருந்தால் வீட்டின் ஈரக்காற்று அங்கே போய் வியர்க்கும். ஆவித்தடுப்புத் தாள் வேண்டாம். ஆற்றல் சட்டம் மரபுச் சின்னங்களுக்கு விலக்கு தருவதால் பயந்துபோய்த் தடிமனைக் கூட்டத் தேவையில்லை.

வேலை முடிந்த முதல் இரண்டு குளிர்காலமும் வெப்பமூட்டியை மெதுவாக ஏற்றுங்கள். மூன்றாம் ஆண்டு கோடையில் ஒவ்வொரு கட்டத்தையும் உள்ளேயிருந்து பார்த்து, திறந்த ஓரங்களில் ஈர மண்ணை விரலால் அழுத்துங்கள். வெளிப்பக்கம் கரணை வெட்டு திறந்திருக்கிறதா, வடிகால் துளைகளில் குளவி மண் அடைத்திருக்கிறதா, அடிச்சட்டத்தின்மேல் தெருக்குப்பையும் இலையும் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வோர் இலையுதிர்காலமும் ஒரு சுற்று. பனிக்காலத்தில் நடைபாதையில் உப்புத் தூவுபவர்களிடம் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித் தூவச் சொல்லுங்கள்; மணல் தூவினால் இன்னும் நல்லது.